150 சீசீ பைக்கில வைஃபோட நுவரெலியா, ஒரே நாளில போய் வரலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில 150 சீசீ பல்சர் ஒண்டு இருக்காம், நுவரெலியாவில ஏப்ரல் வசந்தகால சீசனுக்கு சனம் குவிய முதல், மார்ச் முதல் கிழமையில வைஃபையும் பின்னுக்கு ஏத்திக்கொண்டு விடியக்காலமை வெளிக்கிட்டு இரவுக்குள்ள வீட்ட வந்து சேர ஏலுமா, பைக் மலை இழுக்குமா, ஹட்டன் பக்கமா கண்டி பக்கமா நல்லம் எண்டு கேள்வி.

பைக் இழுக்கும், அதில சந்தேகமே வேணாம். உயரம் 1000 மீட்டர் கூடினா எஞ்சின் பவர் சுமாரா 10 சதவீதம் குறையும், காத்து ஐதாகிறதால. நுவரெலியா 1868 மீட்டர், அங்க போய் நிக்கேக்க உங்கட 150 சீசீ கிட்டத்தட்ட 125 சீசீ மாதிரி ஓடும், அவ்வளவுதான். காபரேட்டர் பைக் எண்டா கொஞ்சம் கூடுதலா பெற்றோல் குடிச்சு மந்தமா இருக்கும், அதுக்காக கராஜ்ல போய் டியூன் பண்ணிக்கொண்டு நிக்காதீங்க, கொழும்புக்கு இறங்கினா தானா சரியாகும். ஒரு கியர் குறைச்சுப் போட்டு எஞ்சினை சுத்த விடுங்க, மேல் கியரில திணற விட்டா அதுதான் எஞ்சினுக்குக் கூடாது.

ஆனா தம்பி, எல்லாரும் ஏத்தத்தைப் பத்தித்தான் கேக்கினம், இறக்கத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கிறேல்ல. திரும்பி வாற வழியில ஹட்டன் 1200 மீட்டருக்கு மேல, அதுக்குக் கீழ கித்துல்கலை ஆத்தங்கரையில, நடுவில 1000 மீட்டருக்கு மேல இறக்கம். பைக், நீங்க, தங்கச்சி (உங்கட வைஃபைத்தான் சொல்றன்), பேக் எல்லாம் சேத்து 290 கிலோ எண்டு வைப்பம், அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரத்தில இருந்து பிரேக்கால மட்டும் பிடிச்சு இறக்கினா வாற சூட்டில 9 லீட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்கலாம். அந்த சூடு முழுக்க ஒரு சின்ன டிஸ்க்கிலயும் பின்னுக்கு ஒரு ட்ரம்மிலயும் ஏறினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், டொட் 4 எண்ட வகை பிரேக் ஒயில் புதுசா இருக்கேக்க 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் ஏறினா அது 155 வரைக்கும் இறங்கிடும், கொதிச்சு ஆவி வந்தா லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகும், பிரேக் பிடிக்காது. கொழும்பு ஈரப்பதத்துக்கு ரெண்டு வருசத்துக்கு மேல மாத்தாத ஒயிலோட மலைக்குப் போகவே வேணாம். கராஜ் பாஸிட்ட சேர்விஸ் எண்டு மட்டும் சொன்னா எஞ்சின் ஒயில மாத்திப்போட்டு விட்டிடுவார், பிரேக் ஒயில் எண்டு பேர் சொல்லிக் கேளுங்க, பின் ட்ரம்முக்குள்ள இருக்கிற பிரேக் ஷூவையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

இறங்கேக்க முறை லேசு, ஏறேக்க அந்த இடத்தில எந்த கியரோ இறங்கேக்கயும் அதே கியர். பெரும்பாலும் ரெண்டு இல்லாட்டி மூண்டு. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், பிரேக்க வளைவுக்கு முன்னுக்கு ஒருக்கா நல்லா பிடிச்சு விடுங்க, வழி முழுக்க மெல்லிசா பிடிச்சுக்கொண்டு போறதுதான் கெடுக்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறம் எண்டு நியூட்ரலில உருட்டுற ஆக்கள் இருக்கினம், அவையளுக்கு நான் சொல்ல ஒண்டும் இல்ல.

இனி நேரம். ஹட்டன் பக்கத்தால போறது நுவரெலியாவுக்கு சுமார் 170 கிலோமீட்டர், அவிசாவளையில இருந்து ஏ7 ரோட்டு, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. கூகிள் மப்பில 5 மணித்தியாலம் எண்டு காட்டும், ஆளை ஏத்திக்கொண்டு ரெண்டு இடத்தில நிண்டு பிளேன்டீ குடிச்சா ஆறு. விடிய 4.30க்கு வெளிக்கிட்டாலும் போய்ச்சேர பத்தரை. இப்ப மறுபக்கம் பாருங்க, மார்ச் மாசம் ரெண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம், காலமை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், பகல் வெயிலுக்கு முகில் எழும்பி பின்னேரம் இடிமின்னலோட கொட்டும். வானிலை அறிக்கையில "பிற்பகல் 2.00 மணிக்குப் பிறகு" எண்டு திருப்பித் திருப்பி சொல்லுவாங்களே, அது சும்மா சொல்றதில்ல. மார்ச் முதல் கிழமையில ஏப்ரல் அளவுக்கு இராது, ஆனா நம்பி இருக்கேலாது, அதுவும் வட்டவளைப் பக்கம் நாட்டிலயே கூட மழை பெய்யிற இடங்களில ஒண்டு. அப்ப 2 மணிக்கு முதல் கினிகத்தேனைக்குக் கீழ இறங்கியிருக்கணும். நுவரெலியாவில பத்தரைக்குப் போய் பதினொண்டுக்குத் திரும்புறதெண்டா அது என்ன பயணம், ஒரு போட்டோவும் ஒரு ரோல்ஸும்தான்.

அதனால என்ர பதில், ஒரே நாளில எண்டா நுவரெலியாவ விடுங்க, தலவாக்கலையோட திரும்புங்க. ஒன்பது, ஒன்பதரைக்கு அங்க நிக்கலாம், ரெண்டு மணித்தியாலம் ஆறுதலா தேயிலை மலை பாத்து, சாப்பிட்டு, பதினொண்டரைக்கு பைக்கைத் திருப்பினா நேரம் சரி. பாக்க நல்ல இடங்கள் எல்லாம் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவிலதான் இருக்கு, டெவோன், சென்கிளையர் ரெண்டு நீர்வீழ்ச்சியும் ரோட்டில நிண்டே தெரியும். சென்கிளையரில மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு தண்ணி குறைவு, மார்ச்சில இன்னும் குறையும், ஆக எதிர்பாத்துப் போகாதீங்க. தலவாக்கலைக்கு அங்கால நானுஓயா வரைக்கும் திரும்ப ஏத்தம், பனிமூட்டம், ரதல்ல குறுக்கு ரோட்டு கடும் சரிவு, 2023 ஜனவரியில அங்க பஸ் மோதி 7 பேர் இறந்த இடம். மப் அந்த ரோட்டைக் காட்டினாலும் புதுசா போறவை எடுக்க வேணாம்.

நாள் தெரிவு செய்யிறதும் முக்கியம், இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. டிசம்பர் போயாவில (பௌர்ணமியில) இருந்து மே வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். இரவு முழுக்க மலை ஏறி இறங்கின சனத்தை ஏத்திக்கொண்டு வான், பஸ் எல்லாம் ஞாயிறு காலமை, போயா நாள் காலமை ஹட்டன் பக்கத்தாலயும் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தாலயும் கினிகத்தேனைக்கு இறங்கும், ட்ரைவர்மாரும் ஒழுங்கா நித்திரை இல்ல. நீங்க ஏறேக்க அவை உங்களுக்கு எதிர்ல வருவினம். புதன், வியாழன் லீவு போட ஏலுமெண்டா போடுங்க. அதோட 2025 நவம்பர் டித்வா புயலுக்கு மலைநாட்டு ரோட்டுகள் கன இடத்தில இடிஞ்சது, போக முதல் நாள் அந்தப் பக்கத்து ஆக்களிட்ட ரோட்டு எப்பிடி எண்டு ஒருக்கா கேட்டிட்டு, மண்சரிவு எச்சரிக்கை ஏதும் இருக்கா எண்டும் பாருங்க.

வளைவில ஒரு விசயம். வலப்பக்க வளைவில நடுக்கோட்டை ஒட்டிப் போனா பைக் உங்கட பக்கம்தான் இருக்கும், ஆனா சரியேக்க தலை கோட்டுக்கு அங்கால போயிருக்கும், எதிர்ல வாற பஸ்சும் வளைவை வெட்டித்தான் எடுப்பார். ரோட்டுக்கு இடப்பக்கமா நிண்டு உள்ள போங்க. இடப்பக்க வளைவில வேகம் கூடினா நேரா எதிர் லேனுக்குத்தான் தள்ளும், அதனால முதலே குறைச்சுடுங்க. கொழுந்து லொறி ஏறி இறங்கின சேறும், நிழல் விழுற இடங்களில பாசியும், மழை இல்லாத நாளிலயும் இருக்கும்.

தங்கச்சிக்கும் ரெண்டு வார்த்தை. ஹெல்மட் சட்டத்துக்காக மட்டும் இல்ல, நாடிப்பட்டி இறுக்கிப் போடுங்க. ஷோல், துப்பட்டா ஒண்டும் வேணாம், செயினில இல்லாட்டி சில்லில சிக்கினா கழுத்துக்குத்தான் ஆபத்து, ஜீன்ஸும் ஜக்கெட்டும் மூடின சப்பாத்தும் போதும். கொழும்பில வேர்க்கும், ஹட்டனில காத்துக்கு விறைக்கும், ரெயின்கோட் காத்தையும் மறைக்கும், ஆக மேலால அதைப் போட்டுக்கலாம். வளைவில அவர் சரியிற பக்கமே நீங்களும் சரியுங்க, பயந்து மறுபக்கம் எழும்பினாத்தான் பைக் தடுமாறும். பின் டயர் காத்து ரெண்டு பேருக்கான அளவுக்கு, வெளிக்கிட முதல் டயர் குளிரா இருக்கேக்க அடிக்கணும், அளவு பைக்கிலயே ஸ்டிக்கரில இருக்கும். செயின் தொய்வை ரெண்டு பேரும் ஏறி இருந்து பாக்கச் சொல்லுங்க, தனிய நிக்கேக்க சரியா இருந்தது பாரம் ஏற இறுகிப்போகும். ஏதும் நடந்தா 1990 அம்புலன்ஸ், காசு இல்ல.

கண்டி பக்கத்தால சுத்தி வாறதெண்டா ஒரே நாளில வேணாம். ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம். றம்பொடைப் பக்கம் காட்சி நல்லம்தான், ஆனா கெரண்டிஎல்லையில 2025 மே மாசம் பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல போனது அந்த ரோட்டுலதான், அதைத் தாண்டி வந்தாலும் கடுகண்ணாவை, கேகாலை, நிட்டம்புவை, கடவத்தை எண்டு பின்னேர ட்ரபிக்கில களைச்ச உடம்போட நிக்கணும், எக்ஸ்பிரஸ்வேயில பைக்கை விடவும் மாட்டாங்க. நுவரெலியாவேதான் வேணுமெண்டா ஒரு இரவு தங்குங்க, ஹட்டனால ஏறி அடுத்த நாள் காலமை எட்டு மணிக்கு அதே ரோட்டால இறங்குங்க. மார்ச் தொடக்கத்தில அறை விலை பேசிக் குறைக்கலாம், ஏப்ரல்ல அந்தக் கதையே எடுபடாது.