வாய் திறக்காமல் இருப்பதுதான் சாட்சியா?

கேள்வி: எங்கள் சபையின் கட்டட நிதிக்கு நான் பொருளாளர். அந்தப் பணத்தில் நான் கைவைத்துவிட்டதாக ஒரு சகோதரி பேசிவருகிறார். எல்லாச் செலவுக்கும் ரசீது இருக்கிறது. ஆனால் மூப்பர்கள், “இயேசு வாய் திறக்கவில்லையே, நீங்களும் பொறுத்துப் போங்கள்” என்கிறார்கள். பேசாமல் விலகிவிடலாமா? இப்போதெல்லாம் தினமும் 109-ஆம் சங்கீதத்தைத்தான் வாசிக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்: இப்போது விலகாதீர்கள், சகோதரி. கணக்கை ஒப்படைக்காமல் போனால், “பார்த்தீர்களா, ஓடிவிட்டார்” என்றுதான் பேசுவார்கள்.

மூப்பர்கள் சொன்னதில் பாதி சரி. ரோம தேசாதிபதி பிலாத்துவுக்கு முன்பாகப் பிரதான ஆசாரியர் குற்றஞ்சாட்டியபோது ஆண்டவர் பதில் சொல்லவில்லை. ஏரோதிடமும் பேசவில்லை, அவன் அற்புதம் பார்க்க ஆசைப்பட்டவன், நியாயம் விசாரிக்க வந்தவன் அல்ல. ஆனால் அன்று விடிவதற்கு முன்னால், ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, “என்னை ஏன் அடிக்கிறாய்?” என்று நேராகவே கேட்டார் (யோவான் 18:23). இதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதோடு, இது உங்கள் பெயர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, காணிக்கைப் பணம். எருசலேம் ஏழைகளுக்காகத் தர்மப்பணம் சேர்த்தபோது பவுல், யாரும் குறைசொல்லக் கூடாது என்று சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆகவே போதகரிடம் சொல்லி, உங்களுக்கு உறவில்லாத இரண்டு பேரை ரசீதுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முடிவைக் கமிட்டியில் வாசிக்கட்டும்.

அதற்கு முன், அந்தச் சகோதரியைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மத்தேயு 18 சொல்லும் முதல் படி அதுதான். சண்டைக்கு அல்ல; “எந்தக் கணக்கில் உங்களுக்குச் சந்தேகம்?” என்று கேட்க. சில நேரம் உண்மையாகவே ஒரு கேள்வி இருக்கும், கேட்கத்தான் தைரியம் இருக்காது.

கமிட்டியில் பேசும்போது யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போத்திபாரின் மனைவி சொன்ன பொய்யால் சிறைக்குப் போனவர், கூடச் சிறையில் இருந்த ராஜாவின் பானபாத்திரக்காரனிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. இந்தச் சிறையில் வைக்க நான் ஒன்றும் செய்யவில்லை என்றே சொன்னார் (ஆதியாகமம் 40:15). ஆனால் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தன்னைச் சுத்தமானவன் என்று சொல்ல அடுத்தவரை அசிங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. நீங்களும் கணக்கைச் சொல்லுங்கள்; அவர் பெயரை விட்டுவிடுங்கள்.

அதற்கு அப்புறமும் சிலர் பேசுவார்கள். அவர்களுக்கு, எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் வழி போதும்: அவர்மேல் பொய்ப்பழி சொன்ன எதிரி சன்பல்லாத்துக்கு ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அது உம்முடைய கற்பனை’ என்று ஒரே பதில், பிறகு மதில் வேலை. வீட்டுக்கு வீடு போய் விளக்க வேண்டாம். பொறுப்பை விட விருப்பமிருந்தால், கணக்கு நிறைவேறிய பிறகு நிம்மதியாக விடுங்கள்.

109-ஆம் சங்கீதம்? தாராளமாக வாசியுங்கள். பொய்நாவினால் பேசப்பட்டவன், பேசியவனைச் சபித்துச் செய்யும் ஜெபம் அது. அந்தக் கோபத்தைக் கேட்டு கர்த்தர் ஒன்றும் அதிர்ந்துபோக மாட்டார். ஆனால் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். எட்டாம் வசனம், “அவனுடைய உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்” என்கிறது. இப்போதைக்கு உத்தியோகத்தில் இருப்பது நீங்கள்தான்!