நீட்டுக்கு இன்னொரு வருஷம் உட்காரலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியலும் கணக்கும் சேர்ந்த பிரிவு. நல்ல மதிப்பெண். நீட்டில் 462. இயற்பியல் 52, வேதியியல் 118, உயிரியல் 292. இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கும் பதிவு செய்திருக்கிறோம். சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் ரிப்பீட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- தர்மபுரியிலிருந்து ஒரு தந்தை

பதில்: 462 என்ற எண்ணை வைத்து யாரும் பதில் சொல்ல முடியாது. அந்த மதிப்பெண் எங்கே போனது என்று பார்த்தால் சொல்லலாம். தேர்வு முகமை தந்த ஓஎம்ஆர் தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். சரி, தவறு, தொடாமல் விட்டது என மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு, இயற்பியலில் 45 கேள்விக்கு 16 சரி, 12 தவறு, 17 தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரிக்கு 4, தவறுக்கு கழித்தல் 1. அதுதான் 52. அந்த 17-ம் ஏன் விடுபட்டன? நேரம் போதவில்லை என்றால் அது பயிற்சியில் சரியாகும். சுழற்சி இயக்கமும் வெப்ப இயக்கவியலும் பள்ளியில் ஒழுங்காக நடத்தவே இல்லை என்றால் (பதினொன்றாம் வகுப்பை ஓட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகள் நம் பக்கம் நிறைய) ஒரு வருஷத்துக்கு நிச்சயம் வேலை இருக்கிறது. 28 சரி, 5 தவறு என்று வந்தாலே 107. இயற்பியலில் மட்டும் 55 கூடிவிடும். அதே பாடங்களை ஏற்கனவே இரண்டு முறை கோச்சிங்கில் படித்தும் இந்த மதிப்பெண்தான் என்றால், மூன்றாவது முறை படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

போன வருஷம் உங்கள் சமூகப் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணையும் பாருங்கள். மாநில ஒதுக்கீடான 85 சதவீத இடங்களுக்கான பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் அது ஏறி இறங்கும் என்பதால் ஒரு வருஷத்துப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள்.

முடிவை எப்போது எடுப்பது? இன்று வேண்டாம். மூன்று வாரம் கொடுங்கள். கோச்சிங் எதுவும் இல்லாமல், விடுபட்ட இரண்டு பாடங்களை என்சிஇஆர்டி புத்தகத்தில் அவளே படிக்கட்டும். பிறகு அந்தப் பாடங்களின் பழைய கேள்விகளை நேரம் வைத்துப் போடட்டும். யாரும் பக்கத்தில் நின்று விரட்டாமல் அவளே உட்காருகிறாளா என்பது அதில் தெரிந்துவிடும். ரேங்க் கார்டில் அது இருக்காது. உங்கள் கடிதத்தில் சொந்தக்காரர்கள் சொன்னது இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை. அதையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்தே படிப்பதானால் ஒன்று. காலேஜ் போகாத பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் விருந்தாளிக்குக் காபி, தம்பிக்கு டிபன், பாட்டிக்கு மாத்திரை எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். பத்து மணிக்கு உட்கார்ந்தவளை பதினொன்றுக்குள் மூன்று தடவை எழுப்பிவிடுவோம். அருகில் நூலகம் இருந்தால் அங்கே அனுப்புங்கள்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்கை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். கல்லூரி விருப்பப் பட்டியலைக் கொடுக்கச் சொல்லும்வரை கையில் வைத்திருங்கள். உட்காருவது என்றே முடிவானாலும், இதே பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்-ஆஃப் இதே அளவில் நிற்கும் என்று எண்ண வேண்டாம். நீட்டுக்கு இப்போது உச்ச வயது வரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆளை வருஷக்கணக்கில் உள்ளே இழுப்பதும் இதுதான். அதனால் டிசம்பரில் ஒரு முழு மாதிரித் தேர்வு வையுங்கள். இயற்பியல் 90-ஐத் தாண்டவில்லை என்றால் நீட்டை எழுதிவிட்டு, இன்ஜினீயரிங்கோ வேறு படிப்போ சேரும் ஏற்பாட்டை அப்போதே தொடங்கிவிடுங்கள்.

அடுத்த வருஷம் சேரும்போது சில கல்லூரிகள் இடைவெளிக்குக் காரணம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். நோட்டரியிடம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.