மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கட்டியது யார்?

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலம் திருவிதாங்கூர் மன்னர்கள் கட்டியது என்றுதான் இங்கு வரும் பயணிகளிடம் சொல்லி வருகிறோம். கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலமே வந்துவிட்ட பிறகு, இந்தப் பழைய பாலத்தைப் பராமரிக்கச் செலவு செய்வது அவசியமா?
– வாசகர், திருவட்டாறு

பதில்: பயணிகளிடம் அப்படிச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். மன்னராட்சியின் நீர்ப்பணியைக் காட்ட விரும்பினால், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை இருக்கிறது. அதன் பெருமையை யாரும் மறுக்கவில்லை. பாசன நீரைப் பள்ளத்தாக்கின் மேல் கொண்டுசெல்லும் தொட்டிப்பாலமோ, 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு, விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வறட்சியைப் போக்கக் காமராசர் ஆட்சியில் வகுக்கப்பட்டு, பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த 1966-இல் முடிந்த பணி.

மலைச்சரிவை ஒட்டி வரும் பட்டணங்கால் சானல் என்ற பாசனக் கால்வாய்க்குக் குறுக்கே பறளியாற்றின் பள்ளத்தாக்கு கிடக்கிறது. தண்ணீரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் எதிர்க்கரை மேட்டுக்கு அது தானாக ஏறாது என்பதால், சானலையே 28 தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், சுமார் 1,240 அடி தூரம் கொண்டுபோனார்கள். (ஒரு கிலோமீட்டர் நீளம் என்று சொல்லப்படுவது மிகை.) மோட்டார் எதுவும் இல்லை, சிறு சரிவு ஒன்றே தண்ணீரை நடத்துகிறது. பக்கவாட்டு நடைபாதையில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் தண்ணீர் போவதும், மறுபக்கம் அதே பறளியாறு வெகு ஆழத்தில் ஓடுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் தூரம் மனிதர்கள் நடந்து செல்வதற்கானது. தேவையான பாலம்தான். ஆனால், அது வந்ததால் விளவங்கோட்டு வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. நெல் குறைந்து ரப்பரும் வாழையும் பெருகிவிட்டன என்று நீங்கள் சொல்லக்கூடும். வாழைக்கும் தண்ணீர் வேண்டும், மிஞ்சியிருக்கும் நெல்லுக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

ஆகவே, இந்தச் செலவைச் சுற்றுலாக் கணக்கில் வைத்துப் பார்ப்பதே தவறு. தொட்டியின் ஓர் இணைப்பில் கசிவு ஏற்பட்டாலும், கடைவரம்பு விவசாயிக்குச் சேர வேண்டிய நீர் ஆற்றில்தான் விழும். கன்னிப்பூ எனப்படும் முதல்போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பாகவே தூண்களையும் தொட்டியையும் ஆண்டுதோறும் சோதித்துச் செப்பனிட வேண்டும் என்று, உங்கள் ஊரார் நீர்வளத் துறையிடம் கேட்க வேண்டும்.