மண்ணுக்குப் பிடித்தம்

அன்புள்ள ஐயா,

எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை அருகே ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு களியக்காவிளையில். காலை அசெம்பிளியில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று தினமும் ஒரு வியப்பான செய்தி சொல்வது என் பொறுப்பு. ஆறு வருடமாகச் சொல்கிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தேன் எத்தனை ஆயிரம் வருடமானாலும் கெடாது, வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி, சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், இப்படி. பிள்ளைகள் கைதட்டுவார்கள். போன வாரம் ஆக்டோபஸ் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அதுக்கு இப்பம் என்ன சாரே?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஆறு வருடம் வீண்வேலை பார்த்தேனா? இது அறிவா, வெறும் துணுக்கா? நல்ல துணுக்குப் புத்தகம் ஏதாவது சொல்ல முடியுமா? திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடும் என்கிறார்களே, அதைச் சொல்லலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்தப் பையனுக்கு என் கணக்கில் ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுங்கள். ஆறு வருடத்தில் உங்கள் அசெம்பிளியில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அவனுடையது.

திருநள்ளாறு: சொல்லக்கூடாது. செயற்கைக்கோள் கீழே விழாமல் இருப்பதே அது ஓடிக்கொண்டிருப்பதால்தான். தாழ்வான பாதையில் சுற்றுகிறவை நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுகின்றன. மூன்று நொடி நின்றால் அப்புறம் அது செயற்கைக்கோள் இல்லை, விழுகிற இரும்பு. சனி பகவானுக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. அடுத்தது.

சீனச் சுவர்: இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நிலவு இங்கிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர். சுவரின் அகலம் பெரும்பாலான இடங்களில் ஐந்தாறு மீட்டர். களியக்காவிளைச் சந்தையில் நின்றுகொண்டு பாறசாலையில் நிற்கிறவர் தலையில் ஒரு முடியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நிலவு வேண்டாம், பூமியை ஒட்டிச் சுற்றும் விண்கலத்திலிருந்தே கண்ணுக்குத் தட்டுப்படுவது கஷ்டம். 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் போய்வந்து, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சொந்த நாட்டுச் சுவர்! அவருக்கே தெரியாதது ஆறு வருடமாக உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். கொஞ்சம் கோபம்தான். தேனுக்கு வருகிறேன், அப்போது காரணம் புரியும்.

தேன் கெடாது என்றீர்கள். மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினால் உங்களுக்கு அரை மணி நேரம். அங்கே தேன்பெட்டி வைத்திருக்கும் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நீர் அதிகமாக உள்ள தேன் புளிக்கும், நுரைக்கும், பாட்டில் மூடியைத் தள்ளும். நம் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தேனில் நீர் அதிகம், அதனால்தான் எடுத்தவுடன் சூடுகாட்டிப் பக்குவம் செய்கிறார்கள். தேன் கெடாமல் இருப்பதற்கு அதில் நீர் குறைவாக இருக்க வேண்டும், ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டு பங்கு. அந்த அளவுக்கு வற்றும்வரை தேனீக்கள் கூட்டுக்குள் சிறகால் விசிறிக்கொண்டே இருக்கும், வற்றியபிறகு மெழுகால் அறையை மூடும். மூடுவதற்கு முன்னால் நாம் அவசரப்பட்டுப் பிழிந்தால் புளிப்புத்தான். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. ரப்பர் தேனைத் தேனீ பூவிலிருந்து எடுப்பதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் மாதங்களில், இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். அதுதான் நம் ஊர்த் தேன். பூ இல்லாத தேன்! இதை விட்டுவிட்டு எங்கேயோ கெடாமல் இருக்கும் தேனைப் பற்றிச் சொன்னால், ரப்பர் வெட்டுகிறவரின் மகன் "அதுக்கு என்ன" என்று கேட்காமல் வேறு என்ன கேட்பான்?

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது உண்மை. வாழைப்பழமும் உண்மை. விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம் வீட்டு மச்சை ஒழித்தபோது மாமாவின் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு கிடைத்தது. பித்தளைத் தொட்டி பச்சை பிடித்து, கண்ணாடி உடைந்து, உள்ளே மேண்டில் கட்டும் களிமண் மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை மேசைமேல் வைத்து இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலோரம். என் சிறுவயதில் கரண்டு வரவில்லை. கோயில் கொடை என்றாலும் கல்யாணவீடு என்றாலும் மாமாவின் விளக்கு போக வேண்டும். புது மேண்டில் கட்டும் நாளன்று பையன்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். மேண்டில் என்பது சின்ன வலைப்பை, குழந்தைக்குக் காலுறை போட்டது மாதிரி. நூலால் கட்டி, தீக்குச்சி காட்டினால் துணி கருகிப் புகைந்து சுருங்கும். எரிந்துவிட்டதே என்று பார்த்தால் வெள்ளையாக ஒரு கூடு தொங்கும். அது சாம்பல். மாமா பம்ப் அடித்ததும் அந்தச் சாம்பல்தான் கண்கூசப் பிரகாசிக்கும். எரிந்துபோன பொருள் எப்படி வெளிச்சம் தருகிறது? ஒருநாள் விளக்கு ஆறியதும் தொட்டுப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது. மறுநாள் கொடைக்கு வைத்திருந்த கடைசி மேண்டில் அது. மாமா கை ஓங்கியது இன்னும் முதுகில் இருக்கிறது.

அந்தச் சாம்பல் என்ன என்று அறிய எனக்கு முப்பது வயதாயிற்று. ஆஸ்திரியாவில் ஆவர் வான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர். 1885இல் அவர் செய்த முதல் மேண்டில் பச்சையாக ஒளிர்ந்தது, யாரும் விரும்பவில்லை. 1891இல் கலவையைச் சரிசெய்தார்: தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. பஞ்சு நூலை அந்த உப்புகளில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். நூல் எரிந்துவிடும், உப்பு ஆக்சைடாகி நூலின் உருவத்திலேயே நிற்கும். நான் தொட்டு உடைத்தது தோரியத்தின் எலும்புக்கூடு. உலகத்தில் தெருவிளக்கெல்லாம் காஸ் விளக்காக இருந்த காலம். தோரியத்துக்குத் தட்டுப்பாடு. மோனசைட் என்ற தாதுவில்தான் அது கிடைக்கும், அது பிரேசில் கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இனிமேல்தான் என் அம்மா வருகிறாள்.

அம்மா கயிறு திரித்தவள். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் தண்ணீரில் அழுகப்போட்டு, அந்த நாற்றத்தோடு எடுத்து, கொட்டாப்புளியால் அடித்துத் தும்பெடுத்து, கடற்கரை மணலில் விரித்துக் காயவைப்பாள். வேறு எங்கே காயவைக்க? வாசல் முழுக்க மணல்தானே. ராட்டில் திரித்து முடித்ததும் கயிற்றைச் சுருட்டி, தென்னைமரத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். மண் உதிர வேண்டும். எங்களையும் அடிக்கச் சொல்வாள். "நல்லா அடி மக்களே, மண்ணு இருந்தா ஏவாரி பைசா பிடிப்பான்." எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம் இருக்கும். வியாபாரி வந்து கட்டைத் தூக்கி ஒரு உதறு உதறுவார். பொலபொலவென்று கறுப்பாக விழும். "மண்ணை வித்து சம்பாதிக்கலாம்னு பாக்கியளா?" என்பார். கட்டுக்கு இவ்வளவு என்று மண்ணுக்குப் பிடித்தம் போட்டுவிடுவார். அம்மா ஒன்றும் பேசமாட்டாள். இந்தப் பிடித்தத்தில் போன காசில் எனக்கு ஒரு ஸ்லேட்டாவது வாங்கியிருக்கலாம் என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டிருக்கிறேன்.

1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் எடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் உதறிக் கூட்டிப் பெருக்கியது அது. அதில் மஞ்சள் மணிகள். மோனசைட். கயிறு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே இங்கே மணல் பிரிக்கத் தொடங்கினார்கள். பிரேசிலின் ஏகபோகம் உடைந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஆங்கிலேயர் அதை ஜெர்மானியர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. கேரளத்து ஆலுவாயில் மோனசைட்டை உடைத்து, 1955 முதல் பம்பாயின் ட்ராம்பேயில் தோரியம் நைட்ரேட் ஆக்கி, மேண்டில் செய்கிறவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மோனசைட் போனது மணவாளக்குறிச்சியிலிருந்தும் கேரளக் கடற்கரைச் சவறாவிலிருந்தும்.

இப்போது கணக்குப் போடுங்கள். தென்னைமரத்தடியில் அம்மா அடித்து உதிர்த்த மண், ஆலுவாய் போய், பம்பாய் போய், வலைப்பையாகத் திரும்பி வந்து, நூறடி தள்ளி மாமாவின் விளக்கில் எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் அது தெரியாது. பெட்ரோமாக்ஸ் என்ற பெயரே பெர்லின்காரர் மாக்ஸ் கிரேட்ஸின் பெயரில் பெட்ரோலியத்தைச் சேர்த்து வைத்தது.

துணுக்கு வேண்டுமா? இந்த ஒரு பிடி மணலிலேயே ஒரு மாத அசெம்பிளி இருக்கிறது. கறுப்பாகத் தெரிவது இல்மனைட், அதிலிருந்துதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெள்ளை வருகிறது. சிவப்பு கார்னெட். கன்னியாகுமரியில் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் அரிசியும் பருப்பும் மணலாக மாறிய கதை சொல்லி, அதே மணல். மோனசைட் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் தனித்திருப்பது என்று பொருள், கல்யாணம் நின்றுபோன தேவியின் கடற்கரைக்குத் தற்செயலாக நன்றாகவே பொருந்துகிறது. தோரியத்தில் பாதி சிதைந்து தீர 1,400 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடிதான். நான் உடைத்த மேண்டிலின் சாம்பல் மண்ணில் எங்கோ இருக்கிறது, குறையவே இல்லை என்று சொல்லலாம்.

தோரியம் கதிர்வீச்சு தருமே என்று உடனே யாராவது எழுதுவீர்கள். இதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலை அள்ளுவதால் கரை போவது வேறு வழக்கு, அதில் நான் கடற்கரைக்காரன் பக்கம். இன்னொரு நாள் பேசலாம்.

ஆசிரியரே, உங்கள் பையனின் கேள்வியை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். அவன் ஷோம்பெர்க்கின் கேள்வியைத்தான் கேட்டான். கயிற்றில் மண் இருக்கிறது, அதுக்கு இப்பம் என்ன? வியாபாரியும் அதே மண்ணைத்தான் பார்த்தார், பிடித்தம் போட்டதோடு அவர் வேலை முடிந்தது. நீங்களும் ஆறு வருடமாகச் செய்தியை உதறிக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறீர்கள். யார் பார்த்தார்கள், எதில் பார்த்தார்கள், எத்தனை முறை தப்பாகப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்வதில்லை. வெல்ஸ்பாக்கின் பச்சை விளக்கு இல்லாமல் வெள்ளை விளக்கு இல்லை. சொல்லக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மணி அடிப்பதற்குள் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஆனாலும் வாரத்துக்கு ஒன்று போதுமே, ஐந்து எதற்கு?

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக்கொண்டு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போங்கள். கறுப்பு மணலில் கொஞ்சம் ஒட்டும், வெள்ளை மணலில் ஒட்டாது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன், அவள் எண்பதைத் தாண்டிய பிறகு. கயிற்றை விட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. உள்ளங்கை மட்டும் அப்படியேதான் இருந்தது, தும்பு அறுத்த கோடுகளோடு. ஜெர்மனி, தோரியம், மாமாவின் விளக்கு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பம் அந்த ஏவாரி மண்ணுக்கில்லா மக்களே பைசா தந்திருக்கணும்?"

நாளைக் காலை அசெம்பிளியில் சீனச் சுவரைத் திருத்திவிடுங்கள். ஆறு வருடமாகத் தப்பாகச் சொன்னது நீங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பையன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அன்புடன்.