ஆபீசுக்கும் ஊருக்கும் ஒரே வண்டி: ஸ்போர்ட்ஸ் டூரர் வாங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன், வயது 31. வேலைக்குப் போய்வர தினம் 44 கி.மீ. மாதம் ஒருமுறை மனைவியோடு பைக்கிலேயே திருநெல்வேலி போகவேண்டும் என்று ஆசை. புது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 எடுப்பதா, தெரிந்தவர் விற்கும் 2022 மாடல் பஜாஜ் டாமினார் 400 வாங்குவதா? அது 21,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ‘ஸ்போர்ட்ஸ் டூரர்’ என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். மற்றதற்கும் விடை அதில்தான் இருக்கிறது.

வேகமாகப் போகிற வண்டிகள் நிறைய உண்டு. நாள் முழுக்க வேகமாகப் போய்விட்டு, இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்காத வண்டிகள் குறைவு. அவற்றைத்தான் ஸ்போர்ட்ஸ் டூரர் என்கிறார்கள். 1976-ல் பிஎம்டபிள்யூ ‘ஆர் 100 ஆர்எஸ்’ பைக்கின் முழு முகப்பை காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்தது இதற்காகத்தான். நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது காற்று நெஞ்சில் மோதித் தள்ளும். அதை எதிர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவதில்தான் பாதி அசதி. முகப்பு அந்தக் காற்றை ஒதுக்கிவிடும். நம் நாட்டில் 2003-ல் வந்த 223 சிசி ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக்கை வைத்து ஊர் சுற்றியவர்களுக்கு இந்தச் சுகம் அப்போதே தெரியும்.

சில வருடம் முன்பு, நன்றாகக் குனிந்து ஓட்டும் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை இரவல் வாங்கி, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து மதுரைக்குக் கிளம்பினேன். விழுப்புரம் தாண்டியதுமே மணிக்கட்டு கடுக்க ஆரம்பித்தது. உளுந்தூர்பேட்டையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் வலது கை நடுங்கியது. தம்பி, “அண்ணே, நான் இங்கேயே பஸ் ஏறிடறேன்” என்று சொல்லிவிட்டான். உள்ளங்கை அகல பின்சீட்டில் அவன் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அது வேறு வேலைக்குச் செய்தது.

அதனால் உங்களுக்கு டாமினார்தான் என்பது என் முடிவு. நீங்கள் தனியாக ஓட்டுபவராக இருந்தால் ஓசூரில் தயாராகும் ஆர்ஆர் 310-ஐத் தயங்காமல் சொல்லியிருப்பேன். லேசான, துறுதுறுப்பான வண்டி. ஆனால் அதன் பின்சீட்டில் 600 கி.மீ. வரப்போவது உங்கள் மனைவி. டாமினாரில் சீட் அகலம், ஹேண்டில்பாரும் உயரம். 2021 கடைசியிலிருந்து வந்த வண்டிகளில் உயரமான விண்ட்ஷீல்டு, லக்கேஜ் கேரியர், பின்னால் சாய மெத்தை எல்லாம் கம்பெனியிலேயே போட்டு வருகிறது. 13 லிட்டர் டேங்க். நிதானமாகப் போனால் தாம்பரத்தில் நிரப்பியது திருச்சி வரை வரும். கயத்தாறில் காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும்போது ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்குமே, அங்கே அதன் 193 கிலோ எடை உங்களுக்குத் துணை.

அதே 193 கிலோதான் ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் பாரம். 40 பிஎஸ் பவரும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். டாப் கியரில் ஊர்ந்தால் இன்ஜின் திணறும், கியரைக் குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆபீஸ் ஓட்டத்துக்கு மட்டும் மாதம் 40 லிட்டர் பெட்ரோல் எடுத்து வையுங்கள். 350 சிசி தாண்டிய வண்டி என்பதால், 2022 அறிவிப்புப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வருடத்துக்கு 2,804 ரூபாய். ஆர்ஆர் 310 வரும் பிரிவில் 1,366 தான்.

டெஸ்ட் ரைடுக்கு மனைவியை அழைத்துப் போங்கள். தெருமுனை வரை போய்த் திரும்புவது போதாது. வண்டலூர் தாண்டி அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். அவர் முட்டி மடங்குவது, ஃபுட்ரெஸ்ட்டின் அதிர்வு, சிக்னலில் காலில் அடிக்கும் சூடு, எல்லாவற்றையும் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் தட்டில் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ன் 23-ஆம் வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், இரண்டு டயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அந்த செட்டுக்கும் கழியுங்கள்.

தெரிந்தவர் என்பதற்காக காகிதத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு அபராத பாக்கி இருக்கிறதா பாருங்கள். லோனில் எடுத்த வண்டியென்றால் கடன் பாக்கி இல்லை என்கிற வங்கியின் என்ஓசியும், ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தபின் முழுப்பணம் கொடுங்கள். உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற மனு கொடுக்கவேண்டும். அது நடக்கும்வரை திருநெல்வேலிக்குக் கிளம்பாதீர்கள்.