முதல் வசவிலேயே மியூட்: ஆன்லைன் கேம் கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து பேர் டீமாக ஆடும் ரேங்க்டு (தரவரிசைக்கான) மேட்சில் முதல் ரவுண்டு தோற்றதுமே, முன்பின் தெரியாத ஒருவர் திட்ட ஆரம்பிக்கிறார். மியூட் செய்தால் அவர் தரும் தகவலும் போய்விடுமே?

பதில்: போகும்தான். ஆனால் திட்டத் தொடங்கியவரிடமிருந்து உருப்படியான தகவல் வருவது அபூர்வம். முதல் வசவிலேயே மியூட் செய்துவிடுங்கள். 'இன்னொரு தடவை சொல்லட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்தால் கண் சாட் பெட்டியிலேயே நிற்கும், பதில் தட்டக் கை பரபரக்கும்.

பல பிசி கேம்களில் டேப் கீயை அழுத்தினால் ஸ்கோர்போர்டு வரும். அதில் அவர் பெயரருகே ஸ்பீக்கர் படமோ மியூட் பட்டனோ இருக்கும். சண்டைக்கு நடுவில் அதைத் தேடாதீர்கள். ரவுண்டு இடைவெளியிலோ, செத்துவிட்டு அடுத்த பிறவிக்குக் காத்திருக்கும்போதோ அழுத்துங்கள். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: வாய்ஸ் மியூட் வேறு, டெக்ஸ்ட் மியூட் வேறு. குரலை மட்டும் அடைத்தால் அதே வசவு எழுத்தில் வரும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமில் தொந்தரவு செய்ய மூன்றாவது வழியும் இருக்கிறது. நீங்கள் செத்துக் கிடக்கும் இடத்தில் கேள்விக்குறி பிங்கை (டீமுக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும் குறியை) விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பிங்கையும் தனியாக மியூட் செய்யலாம்.

'உன்னை மியூட் செய்கிறேன்' என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் வேண்டுமென்றே தோற்க ஆடுவார், இன்னொருவரையும் தன் பக்கம் இழுப்பார். சத்தமில்லாமல் செய்துவிட்டு, 'இடப்பக்கம் இரண்டு பேர்' என்பது போன்ற சின்னச் சின்னத் தகவல்களை நீங்களே சொல்லத் தொடங்குங்கள். மற்ற மூவருக்கும் அதுதான் வேண்டும். கோபத்தில் மேட்சை விட்டு வெளியேறினால், தண்டனை உங்கள் கணக்கில்தான் விழும்.

கேள்வி: எத்தனை ரிப்போர்ட் போட்டாலும் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லையே?

பதில்: நடவடிக்கை எடுத்தாலும் எல்லா கேம்களும் உங்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் ரிப்போர்ட் வீணாவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. 'மோசமாக ஆடினார்' என்பது குற்றமே இல்லை. வசவு வாய்ஸில் வந்திருக்க, டெக்ஸ்ட் பிரிவில் புகார் கொடுத்தால் பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது. எழுத இடம் இருந்தால் கதை வேண்டாம், 'மூன்றாவது ரவுண்டு, வாய்ஸ், கொலை மிரட்டல்' என்பது போதும்.

வாய்ஸ் புகாரில் நேரம்தான் முக்கியம். எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் 60 வினாடி கிளிப்பைப் பிடித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறது. பிடிப்பதை மட்டும் உடனே செய்ய வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் பார்ட்டி (சேர்ந்து ஆடுபவர்களின் குழு) பேச்சின் கடைசி 5 நிமிடங்கள்தான் கையில் இருக்கும். மேட்ச் முடியட்டும் என்று விட்டால் ஆதாரம் அழிந்துபோகும். டெக்ஸ்ட் என்றால் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெயரும் முழு உரையாடலும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

நீங்களும் பதிலுக்குத் திட்டியிருந்தால் அதே சாட் பதிவில் அதுவும் இருக்கும். இருவருக்கும் தடை வரலாம்.

கேள்வி: நான்கு நண்பர்கள் கொண்ட பார்ட்டியில் ஐந்தாவதாக நான் மாட்டிக்கொண்டேன். நால்வரும் சேர்ந்து ரிப்போர்ட் போடுவதாக மிரட்டினார்கள்.

பதில்: நீங்கள் எதுவும் எழுதாமல் ஒழுங்காக ஆடியிருந்தால், சாட் பதிவைப் பார்த்து முடிவெடுக்கும் கேம்களில் பயப்பட வேண்டியதில்லை. டோட்டா 2 போல நடத்தை மதிப்பெண் வைத்திருக்கும் கேம்களில் கொஞ்சம் குறையலாம், தொடர்ந்து நன்றாக நடந்தால் ஏறிவிடும். நால்வரையும் ஒரேயடியாக மியூட் செய்துவிட்டு ஆடுங்கள்.

கேள்வி: என் குரலைக் கேட்டதும் பெண் என்று தெரிந்து ஆபாசமாகப் பேசுகிறார்கள். வாய்ஸையே விட்டுவிடலாமா?

பதில்: வாயை மூட வேண்டியவர் நீங்கள் இல்லை. தெரிந்தவர் ஒருவரோடாவது பார்ட்டி போட்டு உள்ளே போங்கள், கூட ஒரு குரல் இருந்தாலே பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள். பட்டனை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும்படி வையுங்கள். வயது, ஊர் கேட்டால் பதில் தேவையில்லை. மியூட்டோடு நிற்காமல் பிளாக்கும் செய்யுங்கள், மேட்சுக்குப் பிறகு மெசேஜ் வராது. பாலியல் தொந்தரவு என்று தனிப் பிரிவு இருந்தால் அதில்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

அதே டீமில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 'போதும், ஆட்டத்தைப் பார்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நீங்களும் ரிப்போர்ட் போடுங்கள். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது, செய்பவர்கள்தான் மிகக் குறைவு.

கேள்வி: தோற்ற ஒருவர் 'உன் ஐபி முகவரி தெரியும், வீட்டுக்கு வருவேன்' என்று மெசேஜ் அனுப்புகிறார்.

பதில்: நிறுவனத்தின் சர்வர் வழியாக நடக்கும் மேட்சில் எதிராளிக்குப் பொதுவாக உங்கள் ஐபி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், தெரியாது. ஆட்டக்காரர்கள் நேரடியாக இணையும் கேம்களில் தெரியலாம். அவர் அனுப்பும் லிங்க்கைத் திறந்தாலும் கிடைத்துவிடும், அதனால் திறக்காதீர்கள். கிடைத்தாலும் அதைவைத்து இணைய நிறுவனத்தையும் ஏறக்குறைய எந்தப் பகுதி என்பதையும்தான் அறியலாம், கதவு எண்ணை அல்ல.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கேமில் வைத்த அதே பெயரைச் சமூக வலைதளங்களிலும் வைத்திருந்தால், தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் போதும். பெயரை மாற்றுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் நண்பர் கோரிக்கை அனுப்ப முடியாதபடியும், புரொஃபைல் கமெண்ட்டை நண்பர்கள் மட்டும் போடும்படியும் மாற்றுங்கள். முதலில் ஸ்க்ரீன்ஷாட், பிறகு ரிப்போர்ட், கடைசியில் பிளாக். சரியான முகவரியையோ குடும்பத்தார் பெயரையோ அவர் சொல்லிவிட்டால் பேச்சு வளர்க்காமல், ஸ்க்ரீன்ஷாட்டுகளோடு காவல் துறையில் புகார் கொடுங்கள்.