ஃபேஜிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து பேத்தை மீனுக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் ஆய்வு செய்யும் மாணவி. அடுத்து நரம்பியலுக்குப் போக ஆசை. "ஒரே துறையில் நிலைத்து நில், இல்லையென்றால் பெயர் எடுக்க முடியாது" என்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் சிட்னி பிரென்னர் மட்டும் எப்படிப் பல துறைகளில் சாதித்தார்?
– ஆய்வு மாணவி, கிளமெண்டி

பதில்: பிரென்னர் தாவித் தாவிப் போனவர் இல்லை. மரபணுவில் எழுதியிருப்பது எப்படி உயிராக மாறுகிறது என்ற ஒரே கேள்வியைக் கடைசிவரை கையில் வைத்திருந்தார். அதற்கு எந்த உயிரி பொருத்தமோ, அதைத் தேடிப் போனார்.

தொடக்கம் உங்களுடைய ஃபேஜ்தான். மரபணுச் செய்தியைப் புரத ஆலையான ரைபோசோமுக்குக் கொண்டு செல்லும் தூது ஆர்என்ஏ உண்டு என்று காட்ட, 1960இல் ஜேக்கப், மெசல்சன் என்ற விஞ்ஞானிகள் இருவரோடும் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினார். பாக்டீரியாவைக் கனமான ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின் கனமான அணு வகைகளில்) வளர்த்து, ஃபேஜைத் தொற்றவைத்து, உடனே சாதாரண ஊட்டத்துக்கு மாற்றினார்கள். ஃபேஜின் புது ஆர்என்ஏ பழைய கனமான ரைபோசோமில் போய் ஒட்டினால் தூது உறுதி. ஆனால் கனத்தை வைத்துப் பிரித்தறியச் சீசியம் குளோரைடு உப்புக் கரைசலில் சுழற்றியதும் ரைபோசோம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ரைபோசோமைக் கட்டி வைப்பது மக்னீசியம். அளவுக்கு அதிகமான சீசியம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மக்னீசியத்தைக் கூட்டியதும் சோதனை வேலை செய்தது. 1961இல் கட்டுரை வெளியானது. கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் உப்பின் அளவு பிசகினால் விடை கிடைக்காது என்பதை ஃபேஜ் ஆய்வில் கைப்பழக்கமாகக் கற்றவர் அவர். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். நரம்பியலுக்குக் கொண்டுபோக வேண்டிய முதல் சொத்து அதுதான்.

அதே 1961இல், பிரான்சிஸ் கிரிக் முதலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, மரபுக் குறியீடு மும்மூன்று எழுத்தாக, அதாவது டிஎன்ஏவின் மூன்று மூன்று வேதி அலகாகப் படிக்கப்படுகிறது என்பதையும் மரபணு மாறிய ஃபேஜ் திரிபுகளை வைத்தே காட்டினார். ஓர் எழுத்து கூடினால் மரபணு கெடும். மூன்று கூடினால் ஓரளவு மீளும்.

அதன்பின்தான் நரம்பு மண்டலத்தின் பக்கம் திரும்பினார். 1963இல் புழு ஆய்வுக்கான திட்டத்தை முன்வைத்தார். மண்ணில் வாழும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு 1 மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி போன்ற உடல். சுமார் மூன்றே நாளில் ஒரு தலைமுறை. தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். நரம்பணுக்கள் 302 மட்டுமே. சுமார் 300 திரிபுகளையும் 100 மரபணுக்களையும் விவரித்த அவரது பெரிய கட்டுரை 1974இல்தான் வந்தது. நரம்பிணைப்புகளின் முழு வரைபடம் 1986இல். நோபல் பரிசு 2002இல், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் இருவரோடும்.

திட்டத்திலிருந்து (1963) பெரிய கட்டுரை (1974) வரையான பதினோரு ஆண்டைக் கவனியுங்கள். முனைவர் பட்ட உதவித்தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டுக்குத்தான். ஆகவே கேள்வி, உயிரி, செய்முறை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். உங்கள் மரபியல் முறையை வைத்துக்கொண்டு உயிரியை மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே புழு வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்வது இன்னும் நல்லது. வளர்ப்பு முறையையே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் முதல் ஆண்டு அதிலேயே போய்விடும்.

கேள்வி: எங்கள் செய்முறைத் திட்டத்தில் இந்தப் புழுவை வளர்க்கிறோம். பல புழுக்கள் தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துவிடுகின்றன. விடுமுறை முடிந்து வந்தால் முட்டைகள் மிகக் குறைவு. பூஞ்சை வேறு.
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், செங்காங்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ஊட்டத்தைச் சரிபாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5 கிராம், அகார் 17 கிராம், தண்ணீர் 975 மில்லிலிட்டர். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்து 55 டிகிரிக்கு ஆறவிடுங்கள். பிறகு எத்தனாலில் கரைத்த கொலஸ்டிரால் (மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம்) 1 மில்லிலிட்டர், 1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மில்லிலிட்டர், 1 மோலார் மக்னீசியம் சல்ஃபேட் 1 மில்லிலிட்டர், பிஎச் 6.0 உள்ள 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் 25 மில்லிலிட்டர். ஒவ்வொன்றுக்கும் இடையே நன்றாகக் கலக்குங்கள். கால்சியம் பரவுவதற்குள் பாஸ்பேட்டை ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். கொலஸ்டிராலை விட்டுவிடாதீர்கள், புழுவால் அதைத் தானாகத் தயாரிக்க முடியாது.

சுவரில் ஏறுவதற்கு முக்கியக் காரணம், தீனியான ஓபி50 பாக்டீரியாப் படலம் விளிம்புவரை பரவுவது. 60 மில்லிமீட்டர் தட்டில் நடுவே ஒரு சிறு சொட்டு மட்டும் விட்டு, விளிம்பைத் தொடாமல் நிறுத்துங்கள். தட்டு ஈரமாக இருந்தாலும் சொட்டு ஓடிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அகார் எளிதில் உலராது. ஊற்றிய தட்டுகளைக் குளிரூட்டிய அறையில் இரண்டு மூன்று நாள் மூடியோடு வைத்த பிறகே பாக்டீரியா இடுங்கள்.

முட்டை குறைவதற்கு வெப்பத்தைத்தான் சந்தேகிக்கிறோம். இந்தப் புழுவுக்கு ஏற்றது 15 முதல் 25 டிகிரி. பொதுவாக 20இல் வைப்பார்கள். 25ஐத் தாண்டினால் இனப்பெருக்கம் வேகமாகக் குறையும். விடுமுறையில் ஏசியை நிறுத்தினால் சிங்கப்பூர் அறை 29, 30க்குப் போய்விடும். உங்கள் இன்குபேட்டர் சூடாக்க மட்டும் செய்யும் வகையா என்று பாருங்கள். அது அறையைவிடக் குளிராது. குளிரவைக்கும் வகை வேண்டும். உச்சவெப்பத்தைப் பதிந்து வைக்கும் சிறு வெப்பமானியை உள்ளே வையுங்கள். திங்கள்கிழமை காலை அது காட்டும் எண்ணே உங்களுக்கு விடை சொல்லிவிடும்.

பூஞ்சை பிடித்த தட்டைத் தூக்கி எறியாதீர்கள். வீட்டு பிளீச்சும் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் சம அளவில் அப்போதே கலந்து, புதுத் தட்டில் பாக்டீரியாவுக்குத் தள்ளி ஒரு சொட்டு வையுங்கள். முட்டை நிறைந்த சில புழுக்களை அதில் விடுங்கள். தாய்ப்புழுவும் பூஞ்சையும் கரையும். முட்டையின் ஓடு உள்ளே இருப்பதைக் காக்கும். திரவம் அகாரில் உறிஞ்சப்பட்டுவிடும். மறுநாள் குஞ்சுப் புழுக்கள் தீனியை நோக்கி ஊர்ந்து வந்திருக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கேள்வி: பிரென்னர் பேத்தை மீனைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் எப்படிக் காட்டுவது?
– உயிரியல் ஆசிரியர், தெம்பனிஸ்

பதில்: ஃபூகு என்ற ஜப்பானியப் பேத்தையின் மரபணுத்தொகுதி சுமார் 40 கோடி எழுத்து, மனிதருடையதில் எட்டில் ஒரு பங்கு. மரபணுக்களோ ஏறக்குறைய அதே அளவு; நடுவே உள்ள இடைவெளிதான் குறைவு. எழுத்தெழுத்தாகப் படிப்பது பெருஞ்செலவாக இருந்த 1990களில் இது பெரிய சிக்கனம். 2002இல் இத்தொகுதி வெளியானபோது, சிங்கப்பூரின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகமும் அந்த ஆய்வில் பங்கேற்றிருந்தது. 1985இல் தொடங்கிய அக்கழகத்தோடு பிரென்னருக்கு நீண்ட தொடர்பு உண்டு. 2019இல் அவர் காலமானதும் சிங்கப்பூரில்தான்.

வகுப்புக்கு ஹண்டிங்டன் நோய் மரபணுவை எடுங்கள். மனிதரில் ஏறத்தாழ 170 ஆயிரம் எழுத்து. ஃபூகுவில் 23 ஆயிரம். ஆனால் 67 எக்சான்களும் (புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகளும்) இரண்டிலும் இருக்கின்றன. இணையத் தரவுத்தளத்தில் இலவசமாக இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சுருங்கியது இடைப்பகுதியே என்பது மாணவர் கண்ணுக்கே தெரியும். சந்தையில் பேத்தை வாங்கிவந்து அறுக்க வேண்டாம். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

கேள்வி: வேறு ஆய்வுக்கூடத்துக்கு மாறப்போகிறேன். புறப்படும்முன் என் புழு வகைகளை என்ன செய்வது?
– ஆய்வு உதவியாளர், புக்கிட் பாத்தோக்

பதில்: உறையவையுங்கள். தீனி அப்போதுதான் தீர்ந்த தட்டிலிருந்து, இளம் லார்வாக்கள் நிறைந்த நேரத்தில் கழுவி எடுங்கள். முதிர்ந்த புழுக்கள் பிழைப்பது அரிது. கிளிசரால் இறுதியில் 15 சதவீதம் இருக்கட்டும். குப்பிகளை ஸ்டைரோஃபோம் பெட்டிக்குள் வைத்து மைனஸ் 80க்கு அனுப்புங்கள். நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்று மெதுவாகக் குளிர வேண்டும். நேராக வைத்தால் பனிப்படிகம் உயிரணுவைக் கிழித்துவிடும். குப்பியில் வகையின் பெயர், தேதி, உறையவைத்தவர் மூன்றும் அழியாத மையில் இருக்கட்டும். மறுநாளே ஒரு குப்பியை உருக்கித் தட்டில் ஊற்றுங்கள். புழுக்கள் நெளிவதைப் பார்த்த பிறகு மட்டும் உயிருள்ள தட்டுகளை அப்புறப்படுத்துங்கள்.